சின்ன விமானமும் பழைய எஞ்சினும்: எமது வானத்தின் இரண்டு கதைகள்

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதல் பொத்துவில் வரையான கரையோரத்தில் நாற்பது வயதைத் தாண்டிய எவரும், சின்ன விமானமொன்றின் இரைச்சல் கேட்டால் முதலில் அண்ணாந்து பார்ப்பார்கள். எந்தத் திசையால் வருகிறது, எவ்வளவு பதிவாக வருகிறது, போய்விட்டதா, திரும்புகிறதா என்று காது தானாகவே கணக்குப் போடும். யுத்தம் முடிந்து ஆண்டுகள் பல கடந்தும் அந்தப் பழக்கம் முற்றாக விட்டுப் போகவில்லை.

உலகின் வேறு இடங்களிலோ அதே வகை விமானங்களைச் சொந்தப் பணத்தில் வாங்கி, துடைத்து, பழுது பார்த்து, விடுமுறை நாட்களில் பறந்து மகிழும் ஆயிரக்கணக்கானோர் இருக்கிறார்கள். பழைய சிறிய விமானங்களைப் பறப்பில் வைத்திருப்பது அங்கே ஒரு பொழுதுபோக்கு மட்டுமல்ல, ஒரு கைத்தொழில் மரபும் கூட. அந்த விமானங்கள் எவை, எப்படிப் பறக்கின்றன, அவற்றில் உள்ள இன்பம் என்ன, ஆபத்து என்ன, எமது கரைக்கும் அவற்றுக்கும் உள்ள தொடர்பு என்ன என்பவற்றை ஒரே இடத்தில் தருவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலங்கைக்கு வந்த முதல் சிறகுகள்

1935 நவம்பர் 27 அன்று இரத்மலானையில் புதிதாக அமைக்கப்பட்ட விமானத் தளத்தில் முதன்முதலாக இறங்கியது ஒரு 'புஸ் மொத்'. பிரித்தானியாவின் டி ஹவிலண்ட் நிறுவனம் கட்டிய, ஒற்றை எஞ்சின் கொண்ட குட்டி விமானம் அது. அதைச் சென்னையிலிருந்து ஓட்டி வந்தவர் மெட்ராஸ் பறப்புக் கழகத்தின் தலைமைப் பயிற்றுநர் டின்டேல் பிஸ்கோ. அதாவது, இலங்கையின் முதல் சிவில் விமானநிலையத்தைத் திறந்து வைத்தது பாக்கு நீரிணையைத் தாண்டி வந்த ஒரு சின்ன விமானமே.

அதே வகை விமானத்தில்தான் ஜே.ஆர்.டி. டாட்டா 1932 ஒக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் கொண்டு வந்தார். அந்தத் தபால் சேவையே பிற்காலத்தில் எயார் இந்தியாவாக வளர்ந்தது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1982 ஒக்டோபர் 15 அன்று, தமது 78ஆவது வயதில், 'லெப்பர்ட் மொத்' என்ற பழைய விமானத்தில் அதே பாதையில் அவர் மீண்டும் தனியே பறந்தார். பழைய விமானம் ஓட்டுவதன் ஈர்ப்பு எத்தகையது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை.

தமிழ்ப் பெண்ணொருவரின் பெயரும் இந்த வரலாற்றில் உண்டு. 1951இல் அன்றைய மெட்ராஸ் அரசாங்கம் வாங்கிய 'டவ்' என்ற இரட்டை எஞ்சின் சிறு விமானத்தை, உஷா சுந்தரமும் அவரது கணவர் கப்டன் வி. சுந்தரமும் லண்டனிலிருந்து பம்பாய்க்கு 27 மணித்தியாலங்களில் ஓட்டி வந்தனர். பிஸ்டன் எஞ்சின் விமானங்களுக்கு அது அன்று ஒரு சாதனை.

கிழக்கு மாகாணம் விமான யுத்தத்தை முதலில் கண்டது இரண்டாம் உலகப் போரில். 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அதே நாள் மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் சென்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் 'ஹெர்மிஸ்' ஜப்பானியக் குண்டுவீச்சில் மூழ்கியது. 307 பேர் மாண்டனர். விமானங்களைத் தாங்க வேண்டிய அக்கப்பலில் அன்று ஒரு விமானம்கூட இருக்கவில்லை. அதன் சிதைவு இன்றும் மட்டக்களப்புக் கடலடியில் கிடக்கிறது.

சுதந்திரத்தின் பின்னர் கல்லோயாத் திட்டத்தோடு உகணையில் ஓர் ஓடுபாதை உருவானது. சர்வதேச விமானநிலையப் பட்டியலில் அம்பாறைக்குரிய 'ஜி.ஓ.வை' என்ற குறியீடு, கல்லோயாவின் பெயரிலிருந்து வந்ததே. மட்டக்களப்பு விமான நிலையத்தில் 1958இல் எயார் சிலோன் சேவை தொடங்கியது. 1983இல் அந்நிலையம் விமானப்படையின் கைக்குப் போனது. மீண்டும் சிவில் விமான நிலையமாகத் திறக்கப்பட்டது 2018 மார்ச்சில். இடைப்பட்ட முப்பத்தைந்து ஆண்டுகளில் பிறந்து வளர்ந்த ஒரு முழுத் தலைமுறைக்கு, விமானம் என்றால் அது சீருடையோடுதான் வரும்.

துணியால் ஆன விமானம்

பழைய சிறு விமானம் என்றதும் உலகம் முதலில் நினைப்பது 'ரைகர் மொத்'தைத்தான். 1931இல் முதன்முதலாகப் பறந்த அது, மேலும் கீழுமாக இரண்டடுக்கு இறக்கைகளைக் கொண்டது. திறந்த இருக்கைகள் இரண்டு, 130 குதிரைவலு எஞ்சின் ஒன்று. எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. பிரித்தானியப் பேரரசின் விமானிகளில் பெரும்பாலானோர் பறக்கப் பழகியது இதில்தான். இந்திய விமானப்படை ஒரு ரைகர் மொத்தைப் புதுப்பித்து, 2012 விமானப்படை தினத்தில் மீண்டும் பறக்க விட்டது.

அதன் உடல் உருக்குக் குழாய்ச் சட்டம். இறக்கைகள் மரம். அனைத்துக்கும் மேலே போர்த்தப்பட்டிருப்பது துணி. மருதமுனைத் தறிக்காரருக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. நெருக்கமாக நெய்த லினன் அல்லது பருத்தித் துணியைச் சட்டத்தின்மேல் இழுத்துக் கட்டி, மெழுகு பூசிய நூலால் விலா எலும்பு போன்ற மரத்துண்டுகளோடு தைப்பார்கள். அதன்மேல் ஒருவகைப் பூச்சைப் பல தடவை பூசுவார்கள். பூச்சுக் காயக் காயத் துணி சுருங்கி, மத்தளத்தோல்போல இறுகும். விமானத்துக்கான தரமான பருத்தித் துணியில் ஓர் அங்குலத்துக்கு 80 இழைகளாவது இருக்க வேண்டும். ஓர் அங்குல அகலத் துண்டு 80 இறாத்தல் இழுவையைத் தாங்க வேண்டும். வெயிலாலும் மழையாலும் அந்தப் பலம் 56 இறாத்தலுக்குக் கீழே போனால், முழுத் துணியையும் கழற்றிப் புதிதாகப் போர்த்த வேண்டும். இப்போது பலர் செயற்கை இழைத் துணியைப் பயன்படுத்துகிறார்கள்.

இங்கேதான் எமது காலநிலை எதிரியாகிறது. மாரியில் ஈரம், கோடையில் வெயில், எப்போதும் உப்புக் காற்று. மரத்தை ஒட்டும் பழையகாலப் பசை ஈரத்தில் இளகும். இரண்டாம் உலகப் போரில் மரத்தால் ஆன 'மொஸ்கிட்டோ' விமானங்கள் வெப்பமண்டலத்துக்கு வந்தபோது ஒட்டுகள் பிரிந்து விபத்துகள் நேர்ந்ததால், வேறு பசைக்கு மாற வேண்டியிருந்தது. தகரக் கூரையும் தோணியின் ஆணியும் கடற்கரையில் எவ்வளவு காலம் தாங்கும் என்பது தெரிந்தவர்களுக்கு, இங்கே ஒரு பழைய விமானத்தை வைத்திருப்பது எவ்வளவு கடினம் என்பதும் புரியும்.

காற்றைக் கையில் பிடித்தல்

சரி, இவ்வளவு சிரமப்பட்டு ஏன் இதில் பறக்கிறார்கள்?

பெரிய விமானத்தில் பயணி ஓர் அறைக்குள் அமர்ந்து வருகிறார். திறந்த சின்ன விமானத்தில் காற்று முகத்தில் அடிக்கும். எஞ்சின் எண்ணெயின் வாசம் வரும். மழைத்துளி ஊசியாய்க் குத்தும். ரைகர் மொத்தின் உச்ச வேகமே மணிக்கு 175 கிலோமீற்றர் அளவுதான். கல்முனையில் ஏறினால் பொத்துவிலுக்கு அரை மணித்தியாலமளவு ஆகும். அந்த நேரத்தில் வயல்வெளி, வாய்க்கால், களப்பு, முகத்துவாரம், கடலின் வெள்ளைக் கரை, மேற்கே இங்கினியாகலை மலைகளுக்கிடையில் சேனாநாயக்க சமுத்திரம் என எல்லாம் ஒரு வரைபடம்போல விரியும். ஒலுவில் துறைமுகத்துக்கு அயலில் கடல் தின்ற கரையும், நிந்தவூர்ப் பக்கம் அது எங்கே வந்து நிற்கிறது என்பதும், கீழே நின்று பார்ப்பதைவிட மேலிருந்து தெளிவாகத் தெரியும்.

இரண்டாவது இன்பம், விமானியின் கைவேலை. இந்த விமானங்களில் கணினி கிடையாது. தானாக நிமிர்த்தும் கருவி கிடையாது. திரும்பும்போது தடியைச் சாய்த்தால் மட்டும் போதாது. காலால் சுக்கானையும் அளவாக மிதிக்க வேண்டும், இல்லையேல் மூக்கு எதிர்ப்பக்கம் இழுக்கும். எஞ்சினின் ஓசை, இறக்கைக் கம்பிகளில் காற்று எழுப்பும் ஒலி, இருக்கையின் அதிர்வு ஆகியவற்றைக் கொண்டே வேகத்தை உணரப் பழகுவார்கள். கச்சான் எப்போது திரும்பும், வாடை எப்போது வலுக்கும் என்று கடலைப் பார்த்தே சொல்லும் எமது மீனவர்களின் அறிவும் இதே வகையானதுதான்.

இப்படிப் பழகியவர் எந்த விமானத்தையும் நன்றாக ஓட்டுவார் என்பது பல பயிற்றுநர்களின் நம்பிக்கை. அதனால்தான் 1951இல் உருவான றோயல் சிலோன் விமானப்படையும் 'சிப்மங்க்' என்ற சின்னப் பயிற்சி விமானத்தோடு தொடங்கியது. கனடாவில் வடிவமைக்கப்பட்டு 1946இல் முதலில் பறந்த அது, ரைகர் மொத்தின் இடத்தைப் பிடித்தது. ஒன்றின் பின் ஒன்றாக இரண்டு இருக்கைகள், வாலின் கீழ் ஒரு சிறு சக்கரம். அக்காலத்து விமானங்களை இரத்மலானையில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் பார்க்கலாம்.

எங்கெல்லாம் தவறும்

பழைய சின்ன விமானத்தின் ஆபத்துகள் பெரும்பாலும் ஐந்து இடங்களில் ஒளிந்திருக்கின்றன.

முதலாவது, தரை. வால்சக்கர விமானங்களில் பாரத்தின் மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருக்கும். இறங்கி ஓடும்போது சற்றே கோணினால், பின்பாரம் முன்னால் வரப் பார்த்து, விமானம் பம்பரம்போலச் சுழன்றுவிடும். பக்கக் காற்று வீசும் நாளில் இது இன்னும் மோசம். "ஓடுபாதையில் நிறுத்திக் கட்டும்வரை பறப்பு முடியவில்லை" என்று பயிற்சியில் சொல்வதன் காரணம் இதுதான்.

இரண்டாவது, எஞ்சினை இயக்குதல். ரைகர் மொத்துக்கு மின்விசை இல்லை. ஒருவர் முன்னே நின்று விசிறியைக் கையால் சுழற்ற வேண்டும். விமானியும் அவரும் ஒவ்வொரு படியையும் உரத்த குரலில் கேட்டு, பதில் சொல்லி உறுதிப்படுத்துவார்கள். ஒரு சொல் தவறினால் கை போகும், உயிரும் போகலாம்.

மூன்றாவது, பனிக்கட்டி. கல்முனை வெயிலில் பனிக்கட்டியா என்று கேட்கலாம். காபரேட்டருக்குள் எரிபொருள் ஆவியாகும்போதும், ஒடுங்கிய குழாயால் காற்றுப் பாயும்போதும் வெப்பம் 20 பாகைக்கும் மேல் சடுதியாக இறங்கக்கூடும். ஈரப்பதன் மிகுந்த காற்றென்றால், வெளியே 30 பாகை வெப்பம் இருந்தாலும் உள்ளே பனி கட்டி, எஞ்சின் மூச்சடைத்து நின்றுவிடலாம். சூடான காற்றை உள்ளே திருப்பிவிடும் பிடியை உரிய நேரத்தில் இழுப்பதே மருந்து.

நான்காவது, கண்ணுக்குத் தெரியாத களைப்பு. உலோகமும் களைக்கும். 2013 டிசம்பரில் அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கரைக்கு அப்பால், உல்லாசப் பறப்பில் இருந்த ஒரு ரைகர் மொத் கடலில் விழுந்து இருவரும் இறந்தனர். விமானத்தின் உடலை இரு பக்கமும் இழுத்துப் பிடிக்கும் இரும்புக் கம்பிகள் களைப்பினால் வெடித்திருந்ததை விசாரணையாளர்கள் கண்டறிந்தனர். அவை அசல் கம்பிகளல்ல, பின்னர் மாற்றிப் போட்டவை. பழைய வாகனத்துக்கு வெளியே செய்த உதிரிப்பாகம் போடும் எவருக்கும் இதில் பாடம் உண்டு.

ஐந்தாவது, மனிதரின் துணிச்சல். 2018 ஓகஸ்ட் 4 அன்று சுவிற்சர்லாந்து மலையொன்றில், 1939இல் கட்டப்பட்ட யுங்கர்ஸ் விமானம் மோதி, அதில் இருந்த 20 பேரும் பலியாகினர். அது சின்ன விமானமல்ல, ஆனால் பாடம் ஒன்றே. அனுபவம் மிக்க விமானிகள் குறுகிய பள்ளத்தாக்கில் ஆபத்தான முறையில் பறந்ததே முதன்மைக் காரணம் என்று விசாரணை முடிவு சொன்னது. பழமையின் கவர்ச்சி விதிகளை மறக்கச் செய்துவிடும்.

கிழக்கு வானில் இன்னும் ஒலிக்கும் பழைய எஞ்சின்

பழைய விமானங்கள் என்றால் ஐரோப்பியப் பணக்காரரின் விளையாட்டு என்று எண்ண வேண்டாம். திருகோணமலை சீனக்குடாவில் உள்ள விமானப்படைப் பயிற்சித் தளத்தில் 1990களிலிருந்து பயன்பட்ட 'பி.ரி-6' விமானத்தின் வடிவம் 1958இல் சீனாவின் நான்சாங்கில் பிறந்தது. ஒன்பது சிலிண்டர்கள் வட்டமாய் அமைந்த 285 குதிரைவலு எஞ்சின் அதற்கு. மின்சாரத்துக்குப் பதிலாக அடைத்து வைத்த காற்றின் அழுத்தத்தால் எஞ்சின் இயங்கத் தொடங்கும். சக்கரங்கள் மடிவதும் பிரேக் பிடிப்பதும் அதே காற்றால்தான். காற்று கசிந்தால் எல்லாமே சிக்கல். நின்ற எஞ்சினின் கீழ்ச் சிலிண்டர்களில் எண்ணெய் வடிந்து தேங்கும். அதை அகற்றாமல் இயக்கினால் எஞ்சினின் தண்டுகள் வளைந்துவிடும். ஆகவே பறப்புக்கு முன் விசிறியைக் கையால் மெல்லச் சுற்றிப் பார்ப்பது கட்டாயம்.

அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் இதே விமானத்தைத் தனியார் பலர் ஆசையோடு வாங்கிப் பறக்கிறார்கள். இங்கோ அது இளம் விமானிகளின் முதல் வகுப்பறை. 2020 டிசம்பரில் கந்தளாயில் ஒன்று விழுந்து பயிற்சி விமானி இறந்தார். 2023 ஓகஸ்ட் 7 அன்று சீனக்குடாவில் ஒன்று விழுந்து இருவர் இறந்தனர். அவர்களும் ஒரு தாயின் பிள்ளைகளே.

ஒரே விமானம், இரண்டு பெயர்கள்

இத்தாலிய வடிவமைப்பாளர் ஸ்தெலியோ ஃபிராத்தி உருவாக்கி, 1964இல் முதலில் பறந்த 'சியாய் மார்க்கெட்டி எஸ்.எஃப்.260' என்ற சிறு விமானம் விமானிகளிடையே பெரும் புகழ் பெற்றது. வேகமானது, கூர்மையாகத் திரும்புவது, வானில் குட்டிக்கரணம் போடுவது. அதை 'வானத்து ஃபெராரி' என்பார்கள். இன்று ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அதை வைத்திருப்பவர்கள் குழந்தைபோலப் பேணுகிறார்கள்.

எமக்கு அதன் பெயர் 'சியாமாச்செட்டி'. 1985இல் இலங்கை விமானப்படை அதை வாங்கி, இறக்கையின் கீழ் குண்டும் ரொக்கட்டும் பூட்டியது. வடக்கில் அது வட்டமிட்டுப் பதிந்து தாக்கியபோது பதுங்குகுழிக்குள் ஓடியவர்களுக்கு, அதன் திரும்பும் திறமை ரசிக்கும் விடயமாக இருக்கவில்லை. அவ்ரோ, வை-12 போன்ற போக்குவரத்து விமானங்களிலிருந்து குண்டுகள் உருட்டிவிடப்பட்டபோது அவற்றை மக்கள் 'சகடை' என்றனர். பின்னர் புக்காரா வந்தது, கிபிர் வந்தது. மறுபக்கத்தில், விடுதலைப் புலிகள் 'ஸ்லின் 143' என்ற செக் நாட்டு நான்கு இருக்கைச் சுற்றுலா விமானத்தில் குண்டு பூட்டி, 2007 மார்ச்சில் கட்டுநாயக்காவைத் தாக்கினர். 2009 பெப்ரவரியில் அவற்றிலொன்று கொழும்பில் இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் மோதியது. பயணிகளும் தப்பவில்லை. 1998 செப்டெம்பர் 29 அன்று பலாலியிலிருந்து புறப்பட்ட லயன் எயார் விமானம் மன்னாருக்கு அப்பால் சுட்டு வீழ்த்தப்பட்டு 55 பேர் மாண்டனர்.

கிழக்கின் நினைவு இன்னும் சிக்கலானது. 1990 என்ற ஆண்டைச் சொன்னால் முஸ்லிம் ஊர்களில் ஒரு நினைவும் பக்கத்துத் தமிழ் ஊர்களில் இன்னொரு நினைவும் எழும். எங்கள் மையித்துகளும் அவர்களின் பிரேதங்களும் வெவ்வேறு கைகளால் விழுந்தவை. ஆனாலும் மேலே இரைச்சல் கேட்டால் பிள்ளைகளை உள்ளே இழுத்த உம்மாவும் அம்மாவும் ஒரே அச்சத்தில்தான் இருந்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தது. நாட்டிலேயே அதிக உயிர்களை, பத்தாயிரத்துக்கும் மேல், இழந்தது அம்பாறை மாவட்டம். பின்னர் நிவாரணத்தோடு ஹெலிகொப்டர்கள் வந்தபோதும், பலர் முதலில் ஓடி ஒளிந்துவிட்டுத்தான் கை நீட்டினர்.

இனி என்ன

பறக்க விரும்பும் எமது பிள்ளைகளுக்கு வழி அடைபட்டிருக்கவில்லை. தனியார் விமானி அனுமதிப்பத்திரத்துக்குச் சர்வதேச விதிப்படி 17 வயதும், மருத்துவத் தகுதியும், குறைந்தது 40 மணித்தியாலப் பறப்பும் வேண்டும். சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையே அதை வழங்குகிறது. பெரிய தடை பணம். பயிற்சிப் பள்ளிகள் கொழும்பை அண்டியே இருப்பதும், பிஸ்டன் எஞ்சினுக்குரிய எரிபொருள் மண்ணெண்ணெய் வகை ஜெட் எரிபொருள்போல எங்கும் கிடைக்காததும் அடுத்த தடைகள். விமானியாவது ஒன்றுதான் வழி என்றும் இல்லை. துணி, மரம், உலோகம், எஞ்சின் என்று விமானப் பராமரிப்பில் கைத்திறனுக்கு எப்போதும் இடமுண்டு. தோணி கட்டும், தறி நெய்யும், நெல் வெட்டும் இயந்திரத்தைப் பிரித்துப் பூட்டும் கைகள் இங்கே நிறையவே உள்ளன.

இன்னும் இரண்டு காரியங்கள் செலவில்லாமல் செய்யக்கூடியவை. ஒன்று, அறிவித்தல். விமானிகளுக்கு ஒருவருக்கொருவர் எச்சரிக்கும் அறிவித்தல் முறை உலகெங்கும் இருக்கிறது. கீழே வாழ்பவர்களுக்கு அப்படி ஒன்று இல்லை. பயிற்சிக்காகவோ சாகசக் காட்சிக்காகவோ பதிவாகப் பறக்கும் நாட்களை, பிரதேச செயலகம், பாடசாலை, பள்ளிவாசல், கோவில் ஊடாக முன்கூட்டியே சொல்லிவிட்டால், எத்தனையோ வயதானவர்களின் நெஞ்சுப் படபடப்பு மிஞ்சும்.

மற்றது, பதிவு. 1958க்குப் பின் மட்டக்களப்பிலிருந்து எயார் சிலோனில் ஏறிப் போனவர்கள், ஓடுபாதை வேலைகளில் நின்றவர்கள், விமானம் பார்க்க வண்டி கட்டிப் போன பிள்ளைகள் இன்று எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள். விமானத்தைக் கண்டு கையசைத்த காலமொன்று எமக்கும் இருந்தது என்று நேரில் கண்டு சொல்லக்கூடியவர்கள் அவர்கள் மட்டுமே. அவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வைக்க வேண்டும்.